தேங்காய் மட்டை வெனிலா

ஜூன் 3

மேலாளர் அவர்களுக்கு, முதலில் ஒரு திருத்தம். நான் கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் கொட்டவில்லை. திருப்பி அனுப்பினேன். இரண்டும் ஒன்றல்ல. கொட்டுவது கோபம்; திருப்பி அனுப்புவது அபிப்பிராயம். பால் அடிப்பிடித்திருந்தது. அதை மறைக்க ஏலக்காயை அள்ளிப் போட்டிருந்தார்கள். இரண்டையும் சமையல்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவர் பெண்ணின் தகப்பனார், என் கொழுந்தன் ராஜாமணி. "அண்ணி டம்ளரோட தூக்கிக் கொட்டிப்போட்டாங்க" என்று அவர் பொள்ளாச்சி முழுக்கச் சொல்லிவைத்தது, கோயம்புத்தூரில் உங்கள் ஐஸ்கிரீம் கம்பெனி வரைக்கும் வந்து சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே இந்தத் திருத்தம்.

இனி விஷயம். டாக்டர் ஷெர்லின் தயாரிக்கும் வெனிலினை, அதாவது வெனிலா மணம் தரும் பொடியை, வாங்குவதற்கு முன், ஒவ்வொரு பேட்சையும் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் முகர்ந்து, சுவைத்துக் கையெழுத்திட வேண்டும் என்றும், முகர்கிறவர் தன் சாப்பாடு, தூக்கம், சளி, காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, கடைசியில் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருக்கிறீர்கள். நல்ல நிபந்தனை. அந்த ஒருவர் நான். பெயர் தேவநாயகி நஞ்சப்பன். வயது எழுபத்தாறு. படித்தது குன்னூர் கான்வென்ட். கணவர் காலமாகிவிட்டார்.

டாக்டர் ஷெர்லின் என் வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி: "பாயசத்தத் திருப்பி அனுப்புனது நீங்கதானே ஆன்ட்டி? எனக்கு அந்த மூக்குதான் வேணும்."

என்னை மேடம் என்று அழைக்கலாம், தேவநாயகி அம்மா என்றும் அழைக்கலாம், ஆன்ட்டி மட்டும் வேண்டாம் என்றேன்.

"சரி ஆன்ட்டி" என்றார்.

இன்று காலை இட்லி, மதியம் கொள்ளுப் பருப்பு, ரசம். சளி இல்லை. தூக்கம் நன்று.

ஜூன் 5

டாக்டர் ஷெர்லின் வெனிலின் தயாரிக்கும் ஷெட்டைப் பார்த்தேன். அது ராஜாமணியின் தென்னை நார் மில் வளாகத்தின் பின்பக்கம் இருக்கிறது. மட்டையை அடித்து நாரை எடுத்த பிறகு உதிரும் தூள் அங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. மழை பெய்தால் அதிலிருந்து டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளுக்குப் போகிறது. ஊரார் வந்து சண்டை போடுகிறார்கள். ராஜாமணி வாடகை வாங்காமல் ஷெட்டைக் கொடுத்ததற்கு இதுதான் காரணம். விஞ்ஞானத்தின் மேல் பக்தி என்று அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

நான் ஹோம் சயன்ஸ் படித்தவள், கெமிஸ்ட்ரி அல்ல. எனவே புரிந்த அளவில் எழுதுகிறேன். மரமும் மட்டையும் விறைப்பாக இருப்பதற்கு, இழைகளுக்கு நடுவே இயற்கை ஒரு பசையை வைத்திருக்கிறது. பெயர் லிக்னின். காகிதம் செய்கிறவர்கள், நார் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இழைதான் வேண்டும். பசையைக் கழிவென்று ஒதுக்குகிறார்கள், பெரும்பாலும் எரித்துவிடுகிறார்கள்.

"இதுக்கு ஒரு மரியாதையும் கிடையாது ஆன்ட்டி. பிடிவாதம் பிடிச்ச சாமான். லேசுல உடையாது. ஆனா சரியான இடத்துல உடைச்சா உள்ளுக்குள்ள என்னெல்லாம் இருக்கு தெரியுமா? வெனிலா வாசம் இருக்கு. பிளைவுட் ஒட்டுற பசை இருக்கு. நாளைக்கு பேட்டரிக்குக் கரி கூட இதுல இருந்து எடுக்கலாம்."

சிலரைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது.

உடைக்கும் பாத்திரத்தை ராஜாமணி "பிரஷர் குக்கருக்குப் பெரியப்பன்" என்கிறார். தூளை அதில் காரச் சோடாவோடும் கொஞ்சம் செப்பு உப்போடும் போட்டு, அழுத்தத்தில் காற்றை உள்ளே விட்டு வேக வைக்கிறார்கள். கருப்பாக ஒரு கஷாயம் வருகிறது. அதில் வெனிலின் இருக்கிறது. கூடவே வேண்டாத சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களில் மோசமானவர் குவயாகால் என்பவர். புகையும் ஆஸ்பத்திரியும் கலந்த நாற்றம். கடைசியில் ஒரு உப்புக் கரைசலில் எல்லாவற்றையும் குலுக்குகிறார்கள். அந்தக் கரைசல் வெனிலினை மட்டும் கையைப் பிடித்து நிறுத்திவைத்து, குவயாகாலை வாசலோடு அனுப்பிவிடுகிறது. இந்தக் குளியலில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் ஷெர்லின். ஒரு மூட்டைத் தூளுக்கு ஒரு கிண்ணம் வெள்ளைப் பொடி கிடைக்கிறது.

"நாலு பேட்ச் கேட்டிருக்காங்க. நாலும் பாஸானா ஒரு வருஷ ஆர்டர். இல்லன்னா ஷெட்டப் பூட்டிட்டு நாகர்கோவில் போயி காலேஜ்ல பிராக்டிகல் எடுக்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

உணவுப் பொருளுக்கான அனுமதிக் காகிதங்கள் தனிக் கோப்பில் இருக்கின்றன. அவை என் பொறுப்பல்ல.

ஜூன் 9

முதல் பேட்ச்.

என் முறையை எழுதிவிடுகிறேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா கஸ்டர்ட் சொல்லிக்கொடுத்தபோது வெனிலா எசன்ஸ் பாட்டிலைப் பூட்டி வைத்திருப்பார். ஆளுக்கு ஒருமுறைதான் மூடியைத் திறந்து காட்டுவார். "பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். என்ன இருக்கிறது என்று சொல்" என்பார். வாயை மூடிக்கொண்டு சின்னச் சின்ன மூச்சாக இழுக்க வேண்டும். இரண்டு முகர்தலுக்கு நடுவே சொந்தச் சேலைத் தலைப்பை முகர்ந்து மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பாலில் கரைத்ததும் பொடியாக இருந்ததும், இரண்டையும் பார்த்தேன். முதலில் இனிப்பு, ஆனால் சர்க்கரையின் இனிப்பல்ல. பின்னால் நன்றாக உலர்ந்த மரப்பெட்டி. அதற்கும் பின்னால், கிட்டத்தட்ட வெளியே போகும்போது வாசலில் திரும்பிப் பார்ப்பதுபோல, பழைய புத்தகம். புகை இல்லை. கசப்பு இல்லை.

"பழைய புஸ்தகம்!" என்று ஷெர்லின் குதித்தார். "ஆன்ட்டி, அது நெசம்! காகிதத்துல மிச்சம் இருக்க லிக்னின் வருஷக்கணக்குல தானா உடைஞ்சு வெனிலின் ஆகும். லைப்ரரில மணக்கது இதான்."

கையெழுத்திட்டேன். முழு மனதோடு.

முன்பக்கங்களில் "அவர்" என்று எழுதியிருக்கிறேன். குதிக்கிறவளை "அவர்" என்று எழுத வரவில்லை. இனி அவள்.

ஜூன் 10

தோசை. சளி இல்லை. ராஜாமணி போன் செய்து, "என்னங்க அண்ணி, மட்டையையாச்சும் திருப்பி அனுப்பாம வெச்சிருக்கீங்களா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 13

வெயில் அடித்தது. அலமாரித் துணிகளை வெளியே போட்டோம். என் கணவரின் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் காற்றாட மட்டும் போட வேண்டும், தண்ணீர் காட்டக் கூடாது என்பது மயிலாத்தாளுக்குத் தெரியும். மயிலாத்தாள் என் வீட்டில் முப்பது வருடமாகச் சமையல் செய்கிறவள். நான் அதிகம் பேசுகிறேன் என்று நினைக்கிறவள்.

ஜூன் 19

காய்ச்சல். எழுத முடியவில்லை.

ஜூன் 21

அதே.

ஜூன் 27

எழுந்துவிட்டேன். வைத்தியம் பார்த்த டாக்டர், ஊரெல்லாம் பரவும் வைரஸ் காய்ச்சல்தான் என்றார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

தொந்தரவு எனக்கல்ல, சமையலுக்கு. நான் படுத்திருந்த நாட்களில் மயிலாத்தாள் கைப்பக்குவத்தை மறந்துவிட்டாள். ரசம் சூடான புளித்தண்ணீராக இருக்கிறது. சீரகம் போட்டாயா என்றேன். "போட்டனுங்கம்மா" என்றாள். பெருங்காயம்? "அதுவும் போட்டனுங்க." இன்னும் போடு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். மதியம் அவள் ரசம் விட்டுக்கொள்ளவில்லை.

காபித்தூளிலும் ஏதோ கலப்படம். வெறும் கசப்புத் தண்ணீர். கடையை மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 29

புதுக் கடைத் தூளும் அப்படித்தான் இருக்கிறது. வியாபாரத்தில் நாணயம் போய்விட்டது.

மயிலாத்தாள் ஸ்வெட்டரைத் துவைத்துவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. நேராகவே கேட்டேன். "அய்யோ, மாரியாத்தா மேல சத்தியமா தொடலீங்கம்மா" என்று அழுதாள். துவைக்காத ஸ்வெட்டரைத் துவைத்ததுபோல வைத்திருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. விஷயத்தை அத்துடன் விட்டேன். இது ஏன் உங்கள் நோட்டில் வருகிறது என்று கேட்டால், எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றது நீங்கள்.

ஜூலை 2

இரண்டாம் பேட்ச். படிகங்கள் ஊசி ஊசியாக, முதல் பேட்சைவிட நீளமானவை. சுத்த வெள்ளை. கரண்டியால் அள்ளினால் உலர்ந்த மணல்போல் சரசரவென்று இறங்குகிறது. ஈரமில்லை. விரலில் ஒட்டவில்லை. பாலில் முழுக்கக் கரைந்தது, அடியில் எதுவும் தங்கவில்லை. நிறம் மாறவில்லை.

மணம்: முதல் பேட்ச் போலவே.

கையெழுத்திட்டேன்.

ஜூலை 8

பால் தீய்ந்துவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். மயிலாத்தாள் கொல்லையிலிருந்து துணி அலசிய கையோடு ஓடி வந்தாள்.

"என்னுங்கம்மா, வீதி வரைக்கும் கமறுதுங்க!"

பாத்திரம் புதியது, அடி மெல்லியது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 11

வெண்பொங்கல். சளி இல்லை. தூக்கம் சுமார்.

ஜூலை 15

மூன்றாம் பேட்ச். முதலில் இனிப்பு, ஆனால் சர்க்கரையின் இனிப்பல்ல. பின்னால் நன்றாக உலர்ந்த மரப்பெட்டி. அதற்கும் பின்னால் பழைய புத்தகம். புகை இல்லை. கசப்பு இல்லை.

ஷெர்லின் முதல் பேட்சின் குறிப்பை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அச்சு அசல் அதே வார்த்தை! மெஷினு கூட இப்படிச் சொல்லாது ஆன்ட்டி. ஒங்கள மாதிரி ஒரு மூக்கு எனக்கு இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

அவளுக்குச் சொந்த மூக்கு இல்லையா என்று கேட்டேன்.

"எனக்க மூக்கா? நாள் பூரா இதுக்குள்ளதான கெடக்கேன். கருவாட்டுக் கடைக்காரனுக்குக் கருவாடு மணக்குமா? அதான் எல்லாத்துக்கும் ஒங்களையே நம்பி இருக்கேன்."

ஏலக்காய் போட்ட டீ கொடுத்தாள். ஏலக்காய் போட்டது என்று அவள்தான் சொன்னாள். நல்ல சூடு.

கையெழுத்திட்டேன்.

ஜூலை 16

இந்த நோட்டில் எழுத இன்று ஒன்றுமில்லை.

ஜூலை 24

நேற்று மில் பக்கம் மின்தடை. ஷெட்டில் ஜெனரேட்டர் திணறிவிட்டதாம். நான்காம் பேட்ச் கடைசிக் குளியலில் இருந்தபோது கலக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. ஷெர்லின் நீண்ட கழியை வைத்துக் கையால் கலக்கியிருக்கிறாள். தோள்பட்டை வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். "ஒத்தடம் எல்லாம் ஆர்டர் வந்த பெறகு" என்றாள்.

ஜூலை 26

நான்காம் பேட்ச். இதில் நடந்த பேச்சைப் பேசியபடியே எழுதுகிறேன்.

ஷெர்லின் கிண்ணத்தை வைத்துவிட்டு உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கென்னவோ இதுல லேசா ஒரு புகை அடிக்க மாதிரி தோணுது. குளியல் சரியா நடக்கல்லன்னு பயம். பயத்துல மணக்குதா, நெசமாவே மணக்குதான்னு எனக்குச் சொல்லத் தெரியல்ல. இன்னொரு தடவ கழுவலாமா? கழுவுனா ரெண்டு நாள் ஆகும். கம்பெனில நாளைக்கே வேணும்னு சொல்லுதாவ. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

கிண்ணத்தை எடுத்தேன். சின்னச் சின்ன மூச்சாக இழுத்தேன். தலைப்பை முகர்ந்தேன். மறுபடி இழுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொடி வெள்ளையாக இருந்தது. ஒரு மாசு மருவில்லை.

"குறை ஒன்றும் தெரியவில்லை" என்றேன்.

இந்த வாக்கியத்தில் பொய் கிடையாது.

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கையெழுத்திட்டேன்.

ஜூலை 27

பேட்ச் காலையில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. சுதந்திர தினத்துக்கு நீங்கள் போடும் குடும்பப் பெட்டி ஐஸ்கிரீமில் அடுத்த வாரம் கலக்கப் போகிறீர்கள் என்று ஷெர்லின் சொன்னாள். மாதிரிக்கு எடுத்து வைத்ததில் ஒரு சிட்டிகையை எனக்குக் கொடுத்தாள், வீட்டில் ஏதாவது செய்துகொள்ள. நாளை மாதர் சங்கக் கூட்டம் என் வீட்டில். கஸ்டர்ட் செய்வதாக இருக்கிறேன்.

ஜூலை 28

கஸ்டர்ட் கட்டி தட்டவில்லை, நீர்க்கவில்லை, கரண்டியின் முதுகில் மூடுதிரைபோல நின்றது. சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டு "அருமைங்க", "ரொம்ப நல்லாருக்குதுங்க", "வித்தியாசமா இருக்குதுங்க" என்றார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சர்க்கரை வியாதி நினைவுக்கு வந்துவிட்டது. கிண்ணங்கள் நிறைந்தபடியே சமையலறைக்குத் திரும்பின.

கூட்டம் முடிந்து அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ராஜாமணி தன் மனைவியை அழைத்துப் போக வந்தார். யாரும் உபசரிக்காமலே ஒரு கிண்ணத்தை எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். நிறுத்தினார்.

"ஏனுங்க அண்ணி, கெடா வெட்டி வாட்டுன கையோட இதக் கிண்டுனீங்களா?"

"ராஜாமணி!"

"இல்லீங்க, நெசமாத்தான் கேக்கறன். ஆஸ்பத்திரி வார்டுல அடுப்பு பத்த வெச்ச மாதிரி இருக்குது. நீங்க கல்யாணத்துல நம்ம பாயசத்தத் திருப்பி அனுப்புனீங்கல்ல, இந்தாங்க." கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "நானும் அனுப்பிச்சுட்டனுங்க. கணக்கு நேர்."

அவருக்கு எப்போதுமே நாகரிகம் போதாது. அவர் மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி கூட "அப்படியில்லை" என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு கஸ்டர்டை ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டேன். இனித்தது. வழவழப்பாக இருந்தது. ஜில்லென்று இருந்தது. வேறெதுவும் இல்லை.

ஜூலை 29

காலையில் மயிலாத்தாளைக் கூப்பிட்டு, மூன்று டம்ளர்கள் எடுக்கச் சொன்னேன். ஒன்றில் பெருங்காயத் தண்ணீர், ஒன்றில் காபி டிகாக்‌ஷன், ஒன்றில் வெறும் தண்ணீர். மூன்றும் ஆறியிருக்க வேண்டும். நான் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறேன், நீ இஷ்டம்போல மாற்றி வை என்றேன்.

"எதுக்குங்கம்மா இதெல்லாம்? வெளையாட்டுங்களா?"

"பரீட்சை."

"யாருக்குங்க?"

வை என்றேன்.

முதல் டம்ளரை முகர்ந்தேன். "தண்ணீர்" என்றேன்.

"சரிங்கம்மா."

இரண்டாவது. யோசித்தேன். "காபி."

"சரிங்க."

மூன்றாவது. "அப்படியானால் இது பெருங்காயம்."

"மூணும் சரியாச் சொல்லிப்போட்டீங்கம்மா! உங்க மூக்கு யாருக்கு வரும்!"

துணியை அவிழ்த்தேன். முதல் டம்ளரில் பெருங்காயம் கலங்கலாக மிதந்துகொண்டிருந்தது. இரண்டாவது தண்ணீர். மூன்றாவதில் டிகாக்‌ஷன், கரும்பழுப்பு நிறத்தில், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் நான் துணியை அவிழ்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்?"

"காச்சல் வந்து எந்திரிச்சீங்கல்ல. அப்பவே தெரியுமுங்க."

"ஏன் சொல்லவில்லை?"

"யாருங்க உங்ககிட்டச் சொல்றது?"



ஒரு மாதமாக அவள் ரசத்தை இரண்டு சட்டியில் வைத்திருக்கிறாள். என் சொல்படி பெருங்காயம் கொட்டியது எனக்கு, மனிதர்கள் சாப்பிடுவது அவளுக்கு. இதைச் சொல்லும்போது இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் மட்டும் அழுதாள்.

மதியம் அலமாரியைத் திறந்து வேறொன்றையும் முகர்ந்து பார்த்தேன். அது உங்களுக்குத் தேவையான தகவல் அல்ல.

ஜூலை 30

ஷெட்டுக்குப் போனேன். ஷெர்லின் ஐந்தாம் பேட்சுக்குத் தூள் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆர்டர் வரும் முன்பே! உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன்.

காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனை தெரியவில்லை. இரண்டாம், மூன்றாம், நான்காம் பேட்சுகளில் நான் போட்ட கையெழுத்து கண்ணால் பார்த்துப் போட்டது. மூன்றாம் பேட்சின் குறிப்பு முதல் பேட்சிலிருந்து காப்பியடித்தது. நான்காம் பேட்ச் புகை நாற்றம் அடிக்கிறது. உன் மூக்கு சரியாகத்தான் இருந்தது.

அவள் கையிலிருந்த கழியைத் தரையில் போட்டாள்.

"ஒங்களுக்கு வெவரம் இருக்கா ஆன்ட்டி? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற ஆளப் பாத்திருப்பேம்லா! நான் நின்னு கேட்டேன், கழுவட்டான்னு கேட்டேன், நீங்க என்ன சொன்னீய? நாலு வருஷம்! கல்யாணத்துக்குச் சேத்து வச்ச நகைய வித்து இந்தக் குக்கர வாங்குனேன், எங்க அம்மைக்கு இன்னும் தெரியாது! கையெழுத்துப் போடும்போ கை நடுங்கல்லையா ஒங்களுக்கு?"

"நடுங்கவில்லை" என்றேன். "அதுதான் வெட்கம்."

அதற்குப் பிறகும் திட்டினாள். நாகர்கோவில் தமிழ் கோபத்தில் வேகமாக வரும். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி நியாயமானது. ராஜாமணி சத்தம் கேட்டு மில்லிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணியை ஒருத்தி திட்டுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார். அவர் சிரிக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் ஓய்ந்ததும் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலையெல்லாம் தூள்.

"கம்பெனில சொன்னா மொத்தமா வேண்டாம்னுருவாவ" என்றாள், இப்போது மெதுவாக.

"சொல்லாவிட்டால் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஊர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஐஸ்கிரீம் சாப்பிடும். அதன் பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அதோடு தேங்காய் மட்டையிலிருந்து எடுத்தால் இப்படித்தான் நாறும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவு அடைபடும்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். தூள்குன்றின் மேல் சாரல் விழுந்து பழுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போன்ல சொன்னா, காரியம் கெட்டப்பெறகு கெழவி தலையில போடுதான்னு நெனைப்பாவ" என்றாள்.

"கிழவியே எழுதுகிறேன்."

"எழுதுங்க. ஆனா லிக்னினக் கொறை சொல்லிராதீங்க."

"ஆன்ட்டி என்பதை விட்டுவிடுவாயா?"

"அது முடியாது."

ஜூலை 31

மேலாளர் அவர்களுக்கு.

இந்த நோட்டும் இந்தப் பக்கமும் இன்று காலைப் பேருந்தில் மயிலாத்தாளின் மருமகன் கையில் உங்கள் அலுவலகத்துக்கு வருகின்றன. தபாலை நம்பி நாள் கடத்த முடியாது. நடந்ததையெல்லாம் முன்பக்கங்களில் படித்திருப்பீர்கள். படிக்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறவராக இருந்தால், சுருக்கம் இதுதான்.

நான்காம் பேட்சைக் கலக்க வேண்டாம். அதில் குவயாகால் தங்கியிருக்கிறது. மின்தடையால் கடைசிக் குளியல் அரைகுறையாக முடிந்ததே காரணம். மட்டையிலும் குற்றமில்லை, முறையிலும் குற்றமில்லை. திருப்பி அனுப்பினால் ஷெர்லின் மறுபடி கரைத்து, மறுபடி குளிப்பாட்டி, சுத்தமாகத் தருவாள். சந்தேகம் அவளுக்கு அன்றே வந்தது. அதைத் தடுத்தது என் கையெழுத்து.

இரண்டாம், மூன்றாம் பேட்சுகளின் மேல் உள்ள என் கையெழுத்துகளை அடித்துவிடுங்கள். அவை நல்லவை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் குளியல் தடைபடவில்லை. ஆனால் நினைப்பு கையெழுத்தாகாது. உங்கள் ஆள் முகர்ந்து பார்க்கட்டும்.

முதல் பேட்சின் கையெழுத்து நிற்கும். அதை நான் முகர்ந்தேன். மரப்பெட்டியும் பழைய புத்தகமும் அதில் இருந்தன. அதைவிட நல்ல வெனிலினை நீங்கள் இதுவரை வாங்கியிருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி இன்னும் உங்களிடம் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் இடத்துக்கு வேறொருவர் வேண்டும். என் கொழுந்தன் ராஜாமணிக்கு மூக்கும் இருக்கிறது, யாரிடமும் பயமும் இல்லை. ஆனால் ஷெட் அவருடைய இடத்தில் இருப்பதால் நிபந்தனைப்படி அவர் வெளியாள் ஆக மாட்டார். நீங்களே ஒருவரை அனுப்புங்கள். யாருடைய முகத்தையும் பார்த்துத் தயங்காதவராக அனுப்புங்கள்.

என் மூக்கு திரும்பி வருமா என்று நேற்று மாலை டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார். அது என் விஷயம். ஷெர்லினுடைய ஆர்டர் உங்கள் விஷயம். என்னுடைய பொய்க்கு அவளிடம் அபராதம் வசூலிப்பது நியாயமாகாது.

நான்காம் பேட்ச் கலக்கப்படவில்லை என்பதையும், ஷெர்லினுக்கு மறுசோதனைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டா இல்லையா என்பதையும் எனக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பவும்.

தேவநாயகி நஞ்சப்பன்